தொண்ணூற்றுநான்காம் நாள்

ஸ்விஃப்ட் கரண்டில் நெடுஞ்சாலையோர மோட்டல்.
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
வரவேற்பு மேசை என் பொறுப்பு.
சட்டையில் குத்திய அட்டை என்னை ‘ஜெப்’ என்கிறது.
‘ராஜ்’ அச்சிட இடமில்லையாம்.

மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி.
ஒற்றைக் கையுறைகள், ஒரு பல்செட்டு,
பதினான்காம் அறைத் தலையணைக்கடியில் கிடைத்த
பென்டிரைவ்.
தொண்ணூறு நாள் யாரும் கேட்காவிட்டால்
வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.
மேலாளர் டோரீனின் சட்டம்.

தொண்ணூற்றோராம் நாள் நான் எடுத்தேன்.
என் மடிக்கணினியின் வன்தட்டு
இரண்டு நாள் கடகடவென்று இருமி
நவம்பரில் செத்திருந்தது.
லினக்ஸுக்குக் காசில்லை, தட்டும் வேண்டாம்,
குச்சியிலிருந்தே ஓடும் என்றார்கள்.

மோட்டல் கணினியில் இறக்கி, எழுதச் சொன்னேன்.
‘இதில் உள்ளதெல்லாம் அழியும். சம்மதமா?’
உள்ளே என்னவென்று நான் திறந்து பார்க்கவில்லை.
அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.
ஆம் என்று அழுத்தினேன்.

எஃப் பன்னிரண்டை அழுத்த ஒரு நொடிதான் தருவான்.
முதல் முறை பிந்தினேன். அடுத்தது முந்தினேன்.
மூன்றாம் முறை சாமி வந்தவன்போல
விடாமல் குத்தினேன்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்
சிந்திய கடுகாய் ஓடின.
பிறகு ஒரு நீலம். ஒரு கேள்வி:
நிறுவவா, நிறுவாமல் பார்க்கவா?
மூன்றாண்டு வேலை அனுமதியில் வந்தவன்
எதை அழுத்துவேன்?

விடியும்வரை அடுக்கியதெல்லாம்,
வைஃபை கடவுச்சொல்,
அக்காவுக்கு எழுதிப் பாதியில் விட்ட கடிதம்,
அணைத்ததும் போயிற்று.
மறுநாள் அதே நீலம், அதே கேள்வி,
என்னை முன்பின் பார்த்திராத முகம்.
குச்சியின் மிச்ச இடத்தை
நினைவுக்கென்று ஒதுக்க வேண்டுமாம்.
நாளை, நாளை என்றே மூன்று இரவு.
பதினான்கில் நேற்று யார் என்று கேட்டால்
அறை துடைக்கும் மரிசெல் தோளைக் குலுக்குவாள்.
விரிப்பை மாற்றினால் அறையும் அப்படித்தான்.

தொண்ணூற்றுநான்காம் இரவு தொலைபேசி.
மார்லீன் ஃப்ரீசன், மெடிசின் ஹாட்டிலிருந்து.
கறுப்புக் குச்சி, பச்சை நூல் கட்டியிருக்கும்.
அப்பாவின் நிலத்தை விற்ற வாரம் அங்கே தங்கினேன்,
படங்களெல்லாம் அதில்தான்,
இப்போதுதான் பெட்டியைப் பிரித்தேன் என்றாள்.

பச்சை நூல் என் கணினியோரம் தொங்கிக்கொண்டிருந்தது.
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.
முழுப் பொய்யில்லை.

அன்றிரவுதான் ஒழுங்காகப் படித்தேன்.
குச்சி முப்பத்திரண்டு ஜிபி. நான் எழுதியது மூன்று.
மிச்சத்தில் கையே வைக்கவில்லை,
சோம்பல் வைக்கவிடவில்லை.
எனக்கென்று நினைவு ஒதுக்கியிருந்தால்
அங்கும் தோண்டியிருப்பேன்.

முழுக்க ராமில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டுக்
குச்சியைப் பிடுங்கினேன்.
ஏணியை எடுத்த பின்னும் பரணில் இருப்பவனாய்
நீலம் அசையாமல் நின்றது.
மறுபடி செருகி, மீட்கும் கருவியை ஏவினேன்.
பக்கத்துத் துளையில் டாலர் கடைப் புதுக் குச்சி.

நாலு மணி நேரம். உப்பு லாரிகள் இரண்டு போயின.
இருநூற்றுப் பதினொரு படங்கள்.
பெயரில்லை, வரிசையில்லை, வெறும் எண்கள்.
சரியாக வந்ததா என்று திறந்துதானே பார்க்க வேண்டும்?
சேற்றில் மாட்டிய டிராக்டர். கனோலா மஞ்சள்.
பாதிக் குதிரை, மீதி சாம்பல் பட்டை.
தொப்பிக்காரர் ஒருவர்
படமெடுக்காதே என்று கை நீட்டுகிறார்.
கை மங்கல், முகம் தெளிவு.
அந்த மூன்று ஜிபியில் எது போயிற்றோ
அவள் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு குச்சியையும் உறையிலிட்டேன்.
நடந்ததை எழுதிய தாளில்
அடித்தல் திருத்தல் ஆறு இடத்தில்.

இது மூன்றாவது குச்சி, என் காசு.
நினைவுக்கு எவ்வளவு என்கிறது.
கோட்டைப் பிடித்து இழுக்கிறேன், எட்டு, பதினாறு,
கதவு மணி.
தோளில் பனியோடு ஒருவர்,
ஓர் இரவுக்கு மட்டும் என்கிறார்.
பதினான்கு காலி.