நாவடி எலும்பு

மில்க் ஆற்றுக்கு வடக்கே
நிலம் சட்டென்று கையை விட்டுவிடுகிறது.
கீழே இரண்டாள் ஆழம்.
அங்கேதான் விழுந்திருக்கின்றன காட்டெருமைகள்,
பின்னால் வந்தது முன்னால் தயங்கியதைத் தள்ள,
ஒன்றின் மேல் ஒன்றாக.

எனக்குப் பதினேழாம் சதுரம்.
நூல் கட்டிய ஒரு மீட்டர் உலகம்.
கரணை, மூங்கில் குச்சி, பழைய பல் தூரிகை,
கொசுவலைக்குள் முகம்.
காலை முழுக்கச் சுரண்டியதில்
ஒரு விலா எலும்பின் விளிம்பு மட்டும் தெரிந்தது,
போர்வைக்கு வெளியே வந்த தோள்போல.

நிலத்துக்காரர் ஹால்வர் ஒஸ்டெம்
வேலிக்கு அப்பால் நின்று தினமும் கேட்பார்:
"தங்கம் கிடைத்ததா?"
தினமும் அதே சிரிப்பு.
பத்து மணிக்கு அவருடைய மாடுகள்
வரிசையாக வந்து விளிம்பில் நிற்கும்.
ஒற்றை மின்கம்பி தடுக்க,
எங்களைக் குனிந்து பார்த்து
அசைபோடும்.

கன்றின் கடைவாய்ப் பல்லை வைத்து
மாதம் சொல்லிவிடலாம் என்பார் ஆய்வகத்து மாரெக்.
எங்களுக்குப் பல் கிடைக்கவில்லை.
சுட்டுவிரல் நீளத்தில் ஒரு தொடை எலும்பு,
ஊதினால் பறக்கும்.
பிறக்காதது.
அப்படியென்றால் பிப்ரவரி வாக்கில்,
கையிருப்பு கரைந்து
பனி மட்டும் மிச்சமிருக்கும் நாட்களில்.
படிவத்தில் "பருவம்" என்ற கட்டத்தை
அந்தச் சின்ன எலும்பு நிரப்பியது.

கொன்றவர்கள் அவசரப்படவில்லை.
முழங்கால் மொழி, கணுக்கால் மொழி,
மொழி மொழியாகப் பிரித்திருக்கிறார்கள்.
கல்லின் கூர் எங்கும் தடுமாறவில்லை.
நாவடி எலும்பில் மூன்று கோடுகள்.
நாக்கு போன வழி.

கண்காணிக்கப் பிளாக்ஃபுட் சபை அனுப்பிய
ட்வைலா வீசல்ஃபேட்
மதியம் பொட்டலம் பிரித்தாள்:
ரொட்டிக்கு நடுவே வேகவைத்த நாக்கு.
"என்ன பார்க்கிறாய்?
இன்றைக்கும் அதுதான் நல்ல துண்டு."
பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.
கடுகு தூக்கலாக இருந்தது.

மறுவாரம் ஒரு மண்டையோடு.
வெட்டு இல்லை, உடைப்பு இல்லை.
வட்டமாக அடுக்கிய கற்களின் மேல்
கிழக்கு பார்த்து.
கண்குழியில் செம்மண்,
சுற்றிலும் அந்த நிறத்தில் மண்ணே இல்லை.
"பயன்பாடு?" என்று கேட்டது படிவம்.
ட்வைலா நெடுநேரம் குந்தியிருந்தாள்.
"தெரியும் என்று எழுதாதே," என்றாள்.
"தெரியாது என்றும் எழுதாதே."
பென்சில் முனையை
நான் வெறுமனே சீவிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் குழியை மூடினோம்.
அடியில் அந்த ஆண்டு நாணயம் ஒன்று,
அடுத்துத் தோண்டுகிறவர்களுக்கு
நாங்கள் வந்துபோனது தெரிய.
ட்வைலாவும் ஏதோ வைத்தாள்,
சிவப்புத் துணியில் மடித்து.
நான் வேறு பக்கம் திரும்பி
சல்லடையை உதறினேன்.
பிறகு மண் விழும் சத்தம்
சாயங்காலம்வரை.

மறுநாள் கம்பியை அவிழ்த்தார் ஹால்வர்.
மாடுகள் விளிம்புக்கு வந்து நின்று,
பின்வாங்கி,
ஓடையைச் சுற்றிச் சரிவான பக்கமாக இறங்கின.
புது மண்ணை மோந்தன.
வெள்ளை நெற்றிக்காரி ஒருத்தி
நாக்கை நீட்டி
மெல்ல நக்கிப் பார்த்தாள்.