பதினோரு விநாடி

ஜனவரியில் இந்த வண்டியில்தான் உப்பு.
ஜூனில் இதே வண்டியில் தண்ணீர்.
இடையில் ஏப்ரலில் ஒரு நாள்
பணிமனையில் தூவியைக் கழற்றித்
தொட்டியை மாட்டுவார்கள்.
ஓட்டுகிறவன் மாறுவதில்லை.
சம்பளச் சீட்டில் இரண்டுக்கும் ஒரே வரி.

ரீகாவில், ஸ்ட்ராஸ்டு தெருவில்,
நாற்பத்தொரு லிண்டன் மரங்கள்.
எண்ணியது நானில்லை, விஸ்மா.
மாநகராட்சியின் பசுமைப் பிரிவிலிருந்து வருவாள்,
ரப்பர் காலணி, காதில் பென்சில்.
போன ஜூனில் ஒரு இலையைக் கிள்ளி
வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள்:
நடுவில் பச்சை,
பிறகு ஒரு மெல்லிய மஞ்சள் கோடு,
விளிம்பெல்லாம் அடுப்பருகே விட்ட காகிதம்.

"வறட்சியா?" என்றேன்.
மூன்று நாளாய் மழை. கேள்வியே அசட்டுத்தனம்.
"தண்ணீர் இருக்கிறது," என்றாள்.
"வேர் இழுக்கிறது.
மண்ணில் இருக்கும் உப்பு அதைவிடப் பலமாக இழுக்கிறது."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
தின்ன வைத்தவன்
கையில் குழாயோடு நிற்பதைப் பற்றிப்
பழமொழி ஒன்றும் சொல்லவில்லை.

சதுர மீட்டருக்கு இருபது கிராம்.
ஒரு கைப்பிடிகூட இல்லை.
அதிகாலை மூன்றரை, பூஜ்யத்துக்குக் கீழே நான்கு,
பக்கக் கண்ணாடியில் பார்த்தால்
தெருவிளக்கில் மணிகள் துள்ளி ஓடும்.
பாதி, சாலையில் நிற்பதே இல்லை.
மீதியைப் பின்னால் வரும் கார்கள் கரைத்து
மரத்தின் இடுப்பளவுக்கு வாரி அடிக்கும்.
மார்ச்சில் பனி உருகும்போது
மரக்குழிதான் தெருவிலேயே தாழ்வான இடம்.
எல்லாம் அங்கே வந்து சேரும்.
நாய்களும்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு இரவு
பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.
இருபத்தாறாம் மரம் முதல் முப்பது வரை.
பதினோரு விநாடி.
யாரும் சொல்லிச் செய்ததில்லை.
விரலுக்கு என்ன தோன்றியதோ.

காலை ஏழேகாலுக்கு
தபால்காரி ட்ஸித்ரா சாலையைக் கடந்து
நடைபாதையில் ஏறப்போன இடத்தில் சறுக்கினாள்.
இருபத்தெட்டாம் மரத்தை எட்டிப் பிடித்திருக்கிறாள்.
பிடி நிற்கவில்லை.
வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.
கடிதங்கள் பனியில் சிதறிக் கிடந்ததையும்
பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கித் தந்ததையும்
மறுநாள் பணிமனையில் பேசிக்கொண்டார்கள்.
நான் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன்.
மூன்று கரண்டியா நான்கா,
எண்ணிக்கை தவறிவிட்டது.

அன்றிரவு அந்த இடத்தில்
இரண்டு முறை தூவினேன்.

ஜூன் கடைசி.
இருபத்தெட்டின் இலைகள்
மற்றவற்றைப் போலவே கருகியிருக்கின்றன.
"ஒரு குளிர்காலத்துக் கணக்கில்லை இது," என்கிறாள் விஸ்மா.
"பல வருஷத்து உப்பு, இப்போதுதான் ஏறி முடிகிறது."
வேரடியில் ஜிப்சம் போடச் சொல்கிறாள்.
அதுவும் வெள்ளைப் பொடி.
அதையும் தூவுகிறவன் நான்தான்.

பிறகு தண்ணீர். மெதுவாக,
மண் விழுங்கும் வேகத்தில்.

ட்ஸித்ரா வருகிறாள்.
இடது கையால் சைக்கிளை மரத்தில் சாய்க்கிறாள்.
குழாயைக் கேட்டு வாங்கி முகம் கழுவுகிறாள்.
"போன குளிரில், இதே இடத்தில்தான்..." என்று தொடங்குகிறாள்.
தெரியும் என்று வாய்வரை வந்தது.
எப்படித் தெரியும் என்று கேட்பாள்.
முழுக்கதையும் கேட்டு முடித்தேன்,
புதிதாகக் கேட்பவனைப் போல.

உச்சியில் கருகாத கிளை ஒன்று
பூத்திருக்கிறது. தேனீக்கள் கண்டுபிடித்துவிட்டன.
"தேநீருக்குக் கொஞ்சம் பறிக்கலாமா?"
சாலையோரப் பூ, வேண்டாம் என்கிறேன்.
அவள் அதற்குள் எட்டத் தொடங்கிவிட்டாள்,
வலது கையாலேயே,
அது தோளுக்கு மேல் போகவில்லை.

வண்டியின் ஏணியில் ஏறிக்
கிளையை வளைத்துக் கொடுத்தேன்.

தொட்டியில் இன்னும்
பதின்மூன்று மரங்களுக்குத் தண்ணீர் இருக்கிறது.