அறுபத்தெட்டு

செயின்ட்-ஆந்த்ரேயில் பட்டறை வைத்திருக்கும் ரோலான் சினிமாலே
ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி
மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே
ரொட்டி கடித்தான்.
மென்று முடித்துத்தான் சொன்னான்:
அறுபத்தெட்டு.

வண்டிக்கு எட்டு வயதும் மூன்று வாரமும்.
உத்தரவாதம் எட்டோடு சரி.
மூன்று வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்றான்.
முந்தி வந்திருந்தால் எழுபத்தொன்று காட்டியிருக்கும்,
எழுபதுக்குக் கீழே போனால்தான் கம்பெனி தரும் என்பதையும்
அவனேதான் சொன்னான்.

புது பேட்டரி ஒன்பதாயிரத்து நானூறு யூரோ.
அபாயச் சரக்கு என்பதால் கப்பலுக்குத் தனி.
வரியைச் சொல்ல அவனுக்கே கூச்சம்.
நான் வண்டியை வாங்கியது ஏழாயிரத்துக்கு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள்.
இங்கே சுண்டைக்காயே முக்கால் பணம்.

ராத்திரி எவ்வளவு ஏற்றுகிறாய் என்று கேட்டான்.
நிறைய, என்றேன். நூறு.
எண்பதில் நிறுத்தியிருக்க வேண்டுமாம்.
யார் கண்டது?
அரை வயிற்றில் பந்தியைவிட்டு எழுப்பும் பழக்கம்
எங்கள் வீட்டில் இல்லை.
வாங்கிய அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கினேன்.
லித்தியத்துக்குத் திருஷ்டி படாது என்று
அன்றும் இவன்தான் சிரித்தான்.

உள்ளே தொண்ணூற்றாறு செல்.
ஏழுதான் சோர்ந்தவை.
மீதி எண்பத்தொன்பதுக்கும் தெம்பு இருக்கிறது
ஆனால் தொடராகக் கட்டியிருப்பதால்
ஏழு நின்றால் எல்லாம் நின்றாக வேண்டும்.
இதை எனக்கு விளக்கத் தேவையில்லை.
பதினாறு வருடமாக நர்ஸ்.
ஒரு சிறுநீரகம் முழு ஆளையும் நிறுத்துவதைப் பார்த்தவள்.

வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறேன், புண் கட்டுகிறேன்.
சலாசிக்கு ஏறும்போது ஏசி கிடையாது.
கண்ணாடியை இறக்கினால் அருவி சட்டையில் தெறிக்கும்,
ஏற்றினால் வேர்வை.
பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சௌசௌக் கொடி,
அதை ரசிக்க முடியாது,
கண் எண்ணிலேயே இருக்கும்:
ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, நாற்பத்தாறு.
முதல் வருடம் ஒரு ஏற்றலுக்கு மூன்று நாள் சுற்றியிருக்கிறேன்.

எல்-பூரில் மெஸ்யே வயபூரிக்கு மூக்கில் குழாய்.
கட்டிலோரம் ஆக்சிஜன் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும்.
ரோலான் சொன்னதை அவரிடம் உளறியிருக்கக் கூடாது.
கேட்டு முடித்துக் கையை நீட்டினார்.
எனக்கு எத்தனை?
நூற்று முப்பதுக்கு எண்பது, என்றேன்.
அது இல்லை.

பட்டையைப் பிரித்தேன். அந்தக் கிழியும் சத்தம்
அறைக்குப் போதுமானதாக இருந்தது.
வயர் எங்கே செருகுவது என்று எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும்
ரொட்டி மென்றபடி சொல்லக்கூடிய ஆள் நானில்லை.

அவரே தொடர்ந்தார்:
புதுசு வாங்காதே. ஏழை மட்டும் மாற்று.
எந்த ஏழை என்று கேட்டிருக்கலாம்.
கழற்றுகிற ஏழையும் எறியாமல் எனக்குக் கொடு,
போன புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை
உன் வண்டிக்குப் பற்றாதது
என் மூக்குக்குப் பற்றாதா?

ரோலானிடம் கேட்கிறேன் என்றேன்.
பழையதை எண்ணிக் கணக்குக் காட்டி
பிரான்சுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று
அவன் ஏற்கனவே சொல்லியிருந்தான்.
அதைச் சொல்லவில்லை.

இறக்கத்தில் காலை எடுத்தால் வண்டியே மின்சாரம் உறிஞ்சும்.
எல்-பூரில் முப்பத்தொன்று.
பாலத்தில் முப்பத்து நான்கு.
கரும்புக்காடு தொடங்குமிடத்தில் முப்பத்தெட்டு.
ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறேன்.
மலை திருப்பித் தருவது இன்றைக்கு மட்டும்.
அறுபத்தெட்டு அங்கேயே நிற்கும்,
அல்லது, தெரியாமல், அறுபத்தேழாகும்.

மூன்று மணிக்கு வங்கியில் கேட்பார்கள்
கடன் ஐந்து வருடம், வண்டி எத்தனை வருடம் என்று.

முப்பத்தெட்டு இருக்கிற தைரியத்தில்
ஏசியைப் போட்டேன்.
ஒரு வளைவு வரைக்கும்.