கொடிகாமத்துக் கருங்கல்

எங்கடை ஊரில் மலை கிடையாது,
மலையின் குட்டியும் கிடையாது.
ஆறும் இல்லை. மாரி பெய்தால்
ஒழுங்கை எல்லாம் ஆறாய் ஓடும்;
மாசி வந்தால் புழுதிதான்.

கிணற்றுக்குள்ளே எட்டிப் பாருங்கோ
(கட்டைப் பிடித்துக்கொண்டு பாருங்கோ):
மேலே மணல், மணலுக்குக் கீழே
வெள்ளை வெள்ளைச் சுண்ணாம்புக் கல்.
கடல் இங்கே கிடந்த காலத்துச்
சிப்பி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு
இன்னும் கடலுக்குக் காத்திருக்கு.

அப்படியென்றால்
ஆர்த்திகனின் காற்சட்டைப் பைக்குள்
கருங்கல் எப்படி வந்தது?

"தண்டவாளத்தில் எடுத்தது," என்றான்.
"எடுக்கக்கூடாது," என்றாள் சாருஜா.
"எடுத்தாச்சு."
சுண்ணாம்புக் கல்லில் தட்டிப் பார்த்தார்கள்.
சுண்ணாம்பு உதிர்ந்தது. கருங்கல்
அசையவே இல்லை.

நாளைக்கு ஊர்ப்படம் கொடுக்க வேணும்;
தரையில் விரிந்தது பெரிய தாள்.
வடக்கே வரணி, அதையும் தாண்டிப்
பருத்தித்துறைக்குப் போகும் தெரு.
தெற்கே கச்சாய், பரவைக்கடல்,
முழங்கால் தண்ணியில் நிற்கும் கொக்கு.
நடுவே சந்தை: பலாப்பழத்துக்கு
ஒரு முழு மூலை; தேங்காய்க்கு ஒன்று;
மிச்ச இடமெல்லாம் சைக்கிள்.
மேற்கே மீசாலை, கிழக்கே மிருசுவில்:
இரண்டையும் கோத்து ஒரு நீளக் கோடு,
கோட்டுக்கு மேலே குறுக்குக் குறுக்காய்ச்
சின்னக் கீறல்கள். அதுதான் றெயில் பாதை.

படம் முடிந்தது. வரலாறு கிடந்தது.

நூற்றிருபது வருசத்துக்கு முன்னாலே
மாட்டுவண்டில், இல்லாட்டில் வள்ளம்.
கொழும்புக்குப் போனவர் திரும்பி வர
புளியங்கன்று மரமாகிவிடும்
என்று யாரோ புளுகியிருப்பார்கள்.
பிறகு வந்தது கோச்சி!
கரியைத் தின்று, தண்ணியைக் குடித்து,
வெள்ளை வேட்டிகளில் எல்லாம்
பொட்டுப் பொட்டாய்க் கறுப்புத் தூவி.
போகும்போது சுருட்டும் மாம்பழமும்;
வரும்போது கடிதமும், லீவில் வந்த
கிளாக்கர்மாரும், பெட்டி நிறையக்
கொழும்புக் கதையும்.

ஸ்டேசனுக்குப் பக்கத்தில்
தேத்தண்ணிக் கடை வந்தது;
கடைக்குப் பக்கத்தில்
சைக்கிளுக்கு ஒட்டுப்போடும் கடை வந்தது.
இப்படித்தான் ஓர் ஊர் கொழுக்கிறது.

பிறகு?
ஆர்த்திகன் பென்சிலைக் கடித்தான்.
பிறகு சண்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத்
தொண்ணூறில் கோச்சி நின்றது.
தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிக்குக் கூரையாகின.
கல்லும் போனது, கூடை கூடையாய்.
பாதை கிடந்த மேட்டில் ஆடு மேய்ந்தது.
இருபத்துநாலு வருசம்
றெயில் ஊருக்கு றெயில் இல்லை.

"அதை எப்படிக் கீறுறது?"

சாருஜா அழிறப்பரை எடுத்தாள்.
மீசாலையில் தொடங்கி மிருசுவில் மட்டும்
கோட்டை அழித்தாள். தூளை ஊதினாள்.
தாளைத் தூக்கித் திருப்பினாள்.
பின்பக்கத்தில் கோடு தடித்து நின்றது.
கண்ணை மூடித் தடவிப் பார்த்தான் ஆர்த்திகன்:
மீசாலை. கொடிகாமம். மிருசுவில்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

பிறகு அதே பள்ளத்தில் பென்சிலை வைத்துத்
திரும்பக் கீறினாள்.
கை காட்டாமலே பென்சில் ஓடியது.
ஓரத்தில் எழுதினாள்: இரண்டாயிரத்துப் பதினாலு.

"அப்ப இந்தக் கல்?"
"அப்ப வந்ததுதான். தெற்கே எங்கேயோ
மலை உடைக்கிற இடத்திலையிருந்து."

மலை இல்லாத ஊருக்கு
மலை வந்திருக்கிறது,
ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியாய்.

பின்னேரம் கடவைக்குப் போனார்கள்.
படலை இறங்கியிருந்தது. பிலோமினா அக்கா
பச்சைக் கொடியோடு நின்றா.
ஆர்த்திகன் கையை ஓங்கினான்.
"எறியாதை. இஞ்ச தா."
கோச்சி போய், மண் நடுங்கி முடிய,
குனிந்து கல்லை வைத்தா.
எது அது என்று தேடினார்கள்:
ஆயிரம் கறுப்பில் ஒரு கறுப்பு.

"ஒன்பது பெட்டி," என்றாள் சாருஜா.
"பத்து. எஞ்சினையும் எண்ண வேணும்."
"எஞ்சின் பெட்டி இல்லை!"
"இல்லையெண்டால் பெட்டி எப்படி ஓடும்?"

வீடு வந்தும் அது முடியவில்லை.