விளக்கின் வயிறு

கிண்டர்கார்டன் கடிதம் ஒரு கிழமையாய்
குளிரூட்டிக் கதவில் தொங்கியது:
வியாழன் பின்னேரம் ஊர்வலம்.
பிள்ளைக்கு ஒரு றேபே. குடைந்து, நூல் கட்டி, திரி வைத்து.
கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும்.

பெரியவர் நான்தான்.
சுகந்தினிக்கு இந்தக் கிழமை முழுக்க
முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை.
எனக்கோ ஆசுப்பத்திரிச் சமையலறையில்
தோல் சீவுவதே உத்தியோகம்:
விடிய முன்னம் கிழங்கு ஐம்பது கிலோ,
பிறகு கரட், பிறகு மறுபடி கிழங்கு.
புதன்கிழமை லீவு.
அன்றைக்கு ஒருவரை ஒருவர் தொடுவதில்லை என்று
கத்திக்கும் எனக்கும் ஒரு பேச்சு.

இன்று புதன்.

ஊஸ்டர் சந்தையில் வாங்கிய இரண்டும்
மேசையில் உருள்கின்றன,
மேலே ஊதா, கீழே வெள்ளை, நுனியில் வால்.
எலி, என்கிறான் சேயோன்.
வாலை வெட்டவேண்டாம் என்கிறான்.
வெட்டவில்லை.

தலையைச் சீவி மூடியாக்கி
கரண்டியால் தோண்டத் தொடங்கினேன்.
சுவர் தடித்தால் வெளிச்சம் வராது,
மெலிந்தால் கிழியும்.
சுட்டுவிரல் உள்ளே, பெருவிரல் வெளியே,
இன்னும் எவ்வளவு தூரம் என்று
இரண்டும் கேட்டுக்கொள்கின்றன.

ஆரணிக்கு நட்சத்திரமும் பிறையும்,
ஃபிராவ் எக்லி சொன்னபடி, சொன்ன அளவில்.
சேயோனுக்குக் குப்பை லொறி.
நாலு சில்லு சீவி, ஒரு பெட்டி சீவி,
மிச்சம் இருட்டில் தெரியும் என்றேன்.
நம்பினான், அரைவாசி.

கிண்ணம் நிறைய ஈர வெள்ளை.
எறியக் கை வரவில்லை.
எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது,
செத்தல் மிளகாய், வெங்காயம்,
சூரிச் கடையில் வாங்கி உறையவைத்த கறிவேப்பிலை,
கொஞ்சம் மஞ்சள்,
இளஞ்சூட்டுப் பாலில் ஊறிய பைக்கற் தேங்காய்ப்பூ.
வறை.

சேயோன் கதவடியில் நின்று பார்த்தான்.
“அது என்ர லாம்பின்ர வயிறு.
நான் சாப்பிட மாட்டன்.”
ஆரணி ஒரு கரண்டி எடுத்தாள்,
தம்பியின் முகத்தைப் பார்த்தாள்,
திரும்ப வைத்தாள்.
இரண்டு பேருக்கும் பாணும் பட்டரும்.

தனியே இருந்து தின்றேன்.
கொஞ்சம் கசப்பு, பின்னால் ஒரு இனிப்பு.
உப்புத்தான் கூடிப்போயிற்று.
நானூறு பேருக்குச் சமைக்கிறவனுக்கு
நாலு பேரின் உப்புத் தெரிவதில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு
நகரசபை தெருவிளக்குகளை அணைத்தது.
பாட்டு முன்னால் போனது,
பின்னால் சின்னச் சின்ன ஊதாச் சிவப்புகள்
முழங்கால் உயரத்தில் ஆடி ஆடி.
தள்ளுவண்டி ஒன்றில் ஒரு குழந்தை
விளக்கை நக்கிக்கொண்டிருந்தது.
ஆறுதலாய் நடந்தோம்,
மூடுபனி குளப்பக்கம் இருந்து வந்து
கழுத்துத் துணிக்குள் புகுந்தது.

மெழுகுதிரிச் சூட்டில்
மூடிகள் மெல்ல வேகத் தொடங்கின.
தெரு முழுக்க ஒரு கறி மணம்,
தாளிக்காத, உப்பில்லாத, அரைவேக்காட்டு மணம்.
சேயோன் நின்றான்.
லொறிக்குள் மூக்கை விட்டான்.

“அப்பா, பசிக்குது.”
வீட்டை போய்ச் சாப்பிடலாம்.
“அது கிடக்குதோ?”
எது?
“வயிறு.”

சப்பாத்தைக் கழற்றாமல், ஜாக்கெட்டோடு,
குளிரூட்டிக்கு முன்னால் நின்றபடி
பெட்டியிலிருந்து கையாலேயே தின்றார்கள்.
சூடாக்கவும் விடவில்லை.
உப்புக் கூட என்று
ஆரணி மட்டும் சொன்னாள், வாய் நிறைய.

பத்தரைக்குச் சுகந்தினி வந்தாள்.
பெட்டியைத் திறந்தாள்.
அடியில் நாலைந்து கடுகு.
ஒரு விரலால் ஒற்றி நாக்கில் வைத்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பல்கனிப் பக்கம் தலையை ஆட்டி,
“பஸ்தரிப்பிலேயே தெரிஞ்சது” என்றாள்,
“ஆர் செய்தது அந்தப் பன்றிக்குட்டி?”

மெல்லப் பேசு, என்றேன்.
அவன் இன்னும் நித்திரை இல்லை.
அது லொறி.