ஐந்து இல்லாத வார்டு

மொகொட்லோங் மலை ஆஸ்பத்திரியில்
மூன்று வாரமாக யாருடைய காய்ச்சலிலும்
ஐந்து இல்லை.
38.4 உண்டு, 38.6 உண்டு,
நடுவே விழுந்த பல் போல ஓர் இடைவெளி.

மசேருவிலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வந்தவள் நான்.
கழுத்தில் பயிற்சியாளர் அட்டை.
வரைபடத்தைச் சுவரில் காட்டி
'இதற்குப் பெயர் கவனக்குறைவு' என்றேன்.

ஆறு நர்ஸுகள்.
சீருடைமேல் கம்பளிப் போர்வை.
சுவரைப் பார்க்கவில்லை,
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லிமகாட்சோ எழுந்து வந்து
வார்டின் ஒரே மடிக்கணினியை
என் மடியில் வைத்தாள்.
'ஐந்தை அழுத்துங்கள்.'
அழுத்தினேன்.
'இன்னும் பலமாக.'

போன மாதம் தேநீர் கொட்டியதாம்.
மேலே மூன்று கடிதம் போயிருக்கிறதாம்.
கட்டத்தை நிரப்பாமல் திரை நகராது,
கட்டிலில் இருப்பவனோ முனகுகிறான்,
ஆகவே நாலோ ஆறோ
அந்த நேரத்துக் கை போட்டதுதான் கணக்கு.
ஐந்தாம் கட்டில்காரி
கணினியைப் பொறுத்தவரை
இன்னும் அட்மிட் ஆகவே இல்லை.

'நிஜ எண் வேண்டுமா?'
கையுறைப் பெட்டிக்கு அடியிலிருந்து
ஒரு பள்ளிக்கூட நோட்டு வந்தது.
தாளை ஒழித்தாயிற்று என்று
என் இரண்டாவது ஸ்லைடில் இருந்தது.
அதைக் காட்டவில்லை.

திரையிலேயே ஒரு விசைப்பலகை வரவழைக்கலாம்
என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.
அன்று நான் கற்பித்தது அவ்வளவுதான்.
மதியம் முழுக்க
ஒருத்தி வாசிக்க ஒருத்தி சொடுக்க
ஐந்துகள் வீடு திரும்பின.
வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது.

'இதை வரிசை மாற்ற முடியுமா?'
இதுவரை வாயே திறக்காத என்தாபெலெங் கேட்டாள்.
'பெயரால் வேண்டாம்.
சலைன் பெட்டி எண்ணால்.'

மாற்றினோம்.
ஐந்தில் முடியும் ஒரே பெட்டி.
நாலும் ஆறுமாகப் பிரிந்து
இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.
அதன் கீழே ஏழு பேர்.
ஏழு பேருக்கும் ஊசி குத்திய மறுநாள் குளிர்ஜுரம்.

நான் 'இது வெறும் தற்செயலாகவும்...' என்று தொடங்கித்
திரும்பியபோது
நாற்காலிகள் காலி.
தாழ்வாரத்தில் ஓடும் செருப்புச் சத்தம்,
ஸ்டோர் ரூம் கதவு,
அட்டைப்பெட்டியைத் தரையில் இழுக்கும் சத்தம்.

மாற்றங்களைச் சேமிக்கவா
என்று கேட்டுக்கொண்டிருந்தது திரை.