கமாவை முன்னால

ஊபி தொழிற்பேட்டையில் எழுத்து வெட்டுகிறேன்.
அக்ரிலிக்கில் ஆகச் சிறிய துண்டு அபாஸ்ட்ரஃபி,
மீன் செதில் அளவு.
அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.
மென், சில்ரன் என்றால் தகராறில்லை:
கூட்டம் முன்பே கூடிவிட்டது,
எஸ் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.
வம்பெல்லாம்
எஸ் போட்டு ஆள் சேர்ப்பவர்களிடம்.

செவ்வாய் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்.
"தேக்கா மேல்மாடி, சிஸ்டர்ஸ் டெய்லரிங்.
தம்பி, எஸ்ஸுக்குப் பின்னால இருக்கிற கமாவை
முன்னால மாத்திடுங்க.
அவ்ளோதான்."

பதினோரு வருடம் முன்பு
பின்னால் வைக்கச் சொன்னதும் அவர்கள்தான்.
முன்னால வெச்சா
ஒருத்தி கடைன்னு நெனச்சிடுவாங்க என்றார் குணமணி.
இல்லை, தவமணியா?
ஒருவர் தொடங்கினால் மற்றவர் முடிப்பார்.

போனேன். இரண்டு தையல் மிஷின்.
ஒன்றுக்கு உறை போட்டிருந்தது.
உறைமேல் வெட்டாத ரவிக்கைத் துணி,
ஊசியில் குத்திய அளவுச் சீட்டு.
நான் எதுவும் கேட்கவில்லை,
ஏணியைத் தவிர.

ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவே இடமில்லை,
எஸ்ஸைக் கொஞ்சம் தள்ள வேண்டும் என்றேன்.
"தள்ளுங்க."

பள்ளியில் படித்த ஆறாம் வேற்றுமை
ஏணிமேல் நின்றபோது வந்தது:
எனது கை. என கைகள்.
பழந்தமிழ் பொருளைத்தான் எண்ணியது,
எத்தனை பேருடையது என்று கேட்கவில்லை.
ஆங்கிலம் ஆளை எண்ணிய பிறகே
கடை திறக்க விடுகிறது.
கை தற்கிழமை, கடை பிறிதின்கிழமை.
அக்காவை எதில் சேர்ப்பது?
தேர்வில் அது வரவில்லை.

பெயர்த்த இடத்தில்
தூசு காணாத ஒரு செதில் வெள்ளை.
தள்ளிய எஸ் அதில் பாதியை மறைத்தது.
மீதியைத் தவமணி ஈரத்துணி கட்டிய கோலால் தேய்த்தார்.
"தெரியுதா?"
கிட்ட வந்தால் தெரியும்.
"சரி, கிட்ட வரட்டும்."

பன்னிரண்டு வெள்ளி.
ரசீதில் பெயர் கேட்பதற்குள் போன் அடித்தது.
நூலைப் பல்லால் அறுத்துவிட்டு எடுத்தார்:
"சிஸ்டர்ஸ் டெய்லரிங்."

காதால் கேட்டால்
குறி எங்கே இருக்கிறதென்று
ஒருவருக்கும் தெரியாது.
எதிர்முனையில் யாரோ
அக்காவைக் கூப்பிடச் சொல்கிறார்கள்.